அம்பாரோ வீட்டு இரும்பு மரம்

வளர்ந்த மரத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் நடுவது என் தொழில். அரிசோனா வெயிலில் இதைச் செய்து பிழைக்க நினைப்பவனுக்குப் புத்தி மட்டு என்று என் மாமியார் சொல்வாள். அவள் சொன்னவற்றில் இது ஒன்றுதான் உருப்படியான பேச்சு.

ஆஹோ ஊருக்குத் தெற்கே சூரிய மின்தகடுகள் பரப்புவதற்காக ஒரு கம்பெனி பெரிய நிலப்பரப்பை வளைத்தது. அங்கே நின்ற இரும்பு மரங்களை வெட்டக் கூடாது, வேரோடு பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று விதி இருந்ததால் என்னையும் என் ஆட்களையும் கூப்பிட்டார்கள். இரும்பு மரம் என்றால் பெயருக்கேற்ற மரம். ரம்பத்தின் பல் போய்விடும். கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்.

அதில் ஒரு மரத்தடியில் சிலுவை ஒன்று இருந்தது. தண்ணீர்க் குழாயை வெட்டி ஒட்டவைத்து வெள்ளை பெயின்ட் அடித்த சிலுவை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கேன் நிறைய தண்ணீர். மெக்சிகோ எல்லையைத் தாண்டி நடந்து வருகிறவர்கள் தாகத்தில் விழுந்து சாகும் இடங்களில் எங்கள் ஜனங்கள் இப்படித் தண்ணீர் வைப்பார்கள். தவித்த வாயோடு போனவன் தவித்த வாயோடுதான் திரும்பி வருவான், வந்தால் குடிக்கட்டும் என்று.

அந்தக் கேனுக்குப் பக்கத்தில் டோன்யா அம்பாரோ உட்கார்ந்திருந்தாள். மூத்த பெண்களை மரியாதையாக டோன்யா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். ஆஹோவில் ஒரு விடுதியில் அறைகளைக் கழுவித் துடைக்கிறவள். அவளிடம் வந்து சேரத்தான் மகன் நெஃப்தாலி எல்லைக்கு அந்தப் பக்கம் சொனோராவிலிருந்து நடந்து வந்திருக்கிறான். போன ஆண்டுக்கு முந்தின கோடையில், காலிக் கேனைக் கட்டிப்பிடித்தபடி இந்த மர நிழலில் செத்துக் கிடந்தான். ஊருக்கு அவ்வளவு பக்கத்தில். சர்ச் மணியடித்தால் அந்த இடத்தில் கேட்கும்.

"இத எங்க கொண்டு போவீங்க?" என்று கேட்டாள்.

"நர்சரிக்கு, டோன்யா. அப்புறம் எவனாவது பணக்காரன் வாங்கி நீச்சல் குளத்துப் பக்கத்துல நட்டுக்குவான்."

"என் புள்ள கடைசியா பாத்தது இந்த மரத்த. இதுதான் அவனுக்கு நெழல் குடுத்துது. என் வீட்டுல நட்டுக் குடு, மகனே."

கிரேன் ஓட்டும் ஃபிடென்சியோ என் காதைக் கடித்தான். "வேணாம் அன்செல்மோ. பொழைக்காது. இரும்பு மரம் எடம் மாறினா கோவிச்சுக்கும், என் பொண்டாட்டி மாதிரி."

"உன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டது எடத்தப் பாத்தா, உன் மூஞ்சியப் பாத்தா?"

கம்பெனி இன்ஜினியருக்கு ஒரு சிலுவையும் ஒரு தாயும் தன் நிலத்தை விட்டுப் போனால் போதும். எடுத்துக்கொண்டு போங்கள் என்றான். நான் அவளிடம் உள்ளதைச் சொன்னேன். இந்த வயசு மரத்தில் பாதிக்குப் பாதிதான் பிழைக்கும், சத்தியம் பண்ண முடியாது என்றேன்.

"அவனத்தான் என்னால காப்பாத்த முடியல. இதையாவது காப்பாத்துறேன்" என்றாள். ஃபிடென்சியோ போய் வண்டியிலிருந்து மண்வெட்டியை இறக்கினான்.

மரத்தைச் சுற்றி ஆளுயரப் பள்ளம் தோண்டினோம். பக்க வேர்களைக் கூர்ரம்பத்தால் பிசிறில்லாமல் அறுத்து, மண்கட்டியைச் சுற்றிப் பெட்டி மாதிரி பலகை அடித்து, இரும்புப் பட்டையால் இறுக்கினோம். அடிவேரைத் தொடவில்லை. குளிர்காலம் முழுக்க அப்படியே நிற்க விட்டால்தான் பெட்டிக்குள் புதுவேர் விடும். அவசரப்பட்டு அன்றைக்கே தூக்குகிறவன் பிணத்தைத் தூக்குகிறான்.

தெற்குப் பக்கப் பட்டையில் நான் சிவப்பு பெயின்டால் ஒரு கோடு போட்டேன். எதற்கு என்று கேட்டாள்.

"வெயில் தின்னு பழகின பக்கம், டோன்யா. புது எடத்துலயும் இதே பக்கம்தான் தெக்க பாக்கணும். திருப்பி வெச்சா பட்டை வெந்துரும்."

"அவன் கெடந்தது எந்தப் பக்கம்?"

"வடக்க. நெழல் விழுற பக்கம்."

தலையாட்டினாள். ஏப்ரலில் அடிவேரை அறுத்து, கிரேனில் தூக்கி, அவள் வீட்டுக்குக் கொண்டுபோனபோது, வடக்குப் பக்கம் அவள் சமையலறை ஜன்னலைப் பார்க்கிற மாதிரி குழி தோண்டச் சொன்னாள். தோண்டினோம். இந்த ஊர் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்பு இறுகிக் கல்லாகக் கிடக்கும், தண்ணீர் இறங்காது. அதைக் கடப்பாரையால் உடைத்து, தண்ணீர் வடிவதற்கு ஓட்டை போட்டோம். ஓட்டை சின்னதுதான். அதற்கு மேல் கல் விடவில்லை.

அவள் கையில் ஓர் இரும்புக் கம்பியைக் கொடுத்தேன். "இத மண்ணுல குத்துங்க. ஈரமா வந்தா தண்ணி ஊத்தாதீங்க. காஞ்சு வந்தா மட்டும் ஊத்துங்க, அதுவும் அடிமரத்த விட்டுத் தள்ளி. புரியுதா? நடுவுல காய விடணும். காஞ்சாத்தான் வேர் தண்ணியத் தேடிப் போகும்."

"புரியுது, மகனே."

மே மாதம் மரம் பூத்தது. பொடிப்பொடியாய் ஊதாப்பூ. போனில் அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஃபிடென்சியோவிடம் சொன்னேன். "சாகப்போற மரம்கூடப் பூக்கும்" என்றான். அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும், அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

ஜூனில் நெஃப்தாலியின் நினைவு நாள். நான் யூமா பக்கம் வேலையில் இருந்தேன். சர்ச்சுப் பெண்கள் அவள் வீட்டுக்கு ஒன்பது நாள் ஜெபமாலைக்கு வந்தார்கள். வந்தவள் எவளும் வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கொரு கேன். ஜெபம் முடிந்ததும் தாகத்தில் செத்த பிள்ளைக்கு என்று மரத்தடியில் ஊற்றிவிட்டுப் போனார்கள். அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டவர்களும் வர ஆரம்பித்தார்கள். தங்கள் அண்ணனையோ புருஷனையோ இந்தப் பாலைவனத்தில் தொலைத்துவிட்டு, சிலுவை வைக்க ஓர் இடம்கூடத் தெரியாதவர்கள். அவர்களும் ஊற்றினார்கள்.

இலை மஞ்சளாகித் தொங்கியது. தண்ணீரில்லாத மரமும் அப்படித்தான் தொங்கும், தண்ணீரில் அழுகுகிற மரமும் அப்படித்தான் தொங்கும். அடுத்தவனுக்கு வித்தியாசம் தெரியாது.

"மகனே, தாகத்துல வாடுது. நீ வா" என்று போன் செய்தாள்.

போனேன். மண்ணில் கால் வைத்தால் செருப்பு புதைந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? கம்பி எதுக்குக் குடுத்தேன், பல்லு குத்தவா?"

"ஒரு வாய்தான் ஊத்தினேன்."

"ஊரே ஒரு வாய் ஊத்தியிருக்கு, டோன்யா! வேர் மூச்சு விட வேணாமா?"

"தண்ணி இல்லாம செத்தான் என் புள்ள. தண்ணி குடுத்து எதாவது சாகுமா?"

"சாகும். இது சாகும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயும் நடந்து வந்தவன்தானே? நாக்கு வீங்கி, வாய மூட முடியாம வந்தவன்தானே? காஞ்சு கெடக்கட்டும்னு உனக்கு எப்படிச் சொல்ல மனசு வருது?"

நான் வந்தபோது மாட்டுத் தொட்டியில் பச்சைப் பாசியை விலக்கிக் குடித்துத்தான் உயிர் தப்பினேன். இன்றைக்கும் வண்டியில் தண்ணீர் இல்லாமல் தெரு முனைக்குக்கூடப் போக மாட்டேன்.

முற்றத்துக் குழாயின் திருகைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கேட்டைக் கம்பியால் கட்டினேன். மரம் பிழைக்க வேண்டுமானால் மண் காய வேண்டும், காயும்வரை யாரும் பக்கத்தில் வரக் கூடாது என்று கத்தினேன். அவள் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். ஆனால் கத்தினால்தான் கேட்பாள் என்று நினைத்தேன்.

முற்றத்துக் குழாயைக் கழற்றினேன். சமையலறைக் குழாயை எப்படிக் கழற்றுவது? தான் குடிக்க எடுக்கும் ஒவ்வொரு டம்ளரிலும் பாதியைக் குடித்து, மீதியை ஜன்னல் வழியே ஊற்றியிருக்கிறாள். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஜூலையில் மழையும் கொட்டித் தீர்த்தது. சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே தண்ணீர் இறங்க வழியில்லாமல் நின்றது.

செப்டம்பரில் நான் போனபோது ஓர் இலைகூட இல்லை. வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். கம்பியைக் குத்தினேன், கஞ்சிக்குள் போவதுபோல் போனது. வெளியே இழுத்தால் கறுப்பாக, நாற்றத்தோடு வந்தது. மண்வெட்டியால் ஓரத்தைத் தோண்டினேன். குளிர்காலம் முழுக்கக் காத்திருந்து நாங்கள் விடவைத்த அத்தனை புதுவேரும் வெந்த கிழங்கின் தோல் மாதிரி கையோடு உரிந்தது. தெற்கில் சிவப்புக் கோடு மட்டும் நேற்றுப் போட்டதுபோல் இருந்தது.

அம்பாரோ என் பின்னால் வந்து நின்றாள்.

"தண்ணி பத்தலையா, மகனே?"

ஆமாம் பத்தவில்லை என்றால், இரண்டாம் தடவையும் அவள் பிள்ளை தாகத்தில் போகிறான். ஜாஸ்தியாகிவிட்டது என்றால், கொன்றவள் அவளே. இரண்டில் எதை ஒரு தாயிடம் சொல்வது? இரண்டுமே வேண்டாம் என்று பொய்யை எடுத்தேன்.

"வேர் அறுத்ததுல தப்பாயிருச்சு. அடிமரத்துக்குக் கிட்டக்க அறுத்துட்டேன். என் தப்பு, டோன்யா."

அவள் குனிந்து ஒரு வேரை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். காலமெல்லாம் பிறத்தியாரின் குளியலறைச் சாக்கடையில் கைவிட்டவளுக்கு, தேங்கின தண்ணீரின் வாடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பொய் சொல்லாத" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நெறையக் குடுத்துட்டேன். அன்னிக்கு அவனுக்கு இதுல ஒரு வாய் கெடைச்சிருந்தா..."

வேரை இருந்த இடத்திலேயே வைத்து, மண்ணைத் தள்ளி மூடினாள். கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்வாள், நான் போய்விடலாம் என்று நினைத்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன்.

ஒரு டம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்தாள்.

"வெயில்ல நிக்கற. குடி."

குடித்தேன். கடைசிச் சொட்டு இறங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய், மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினாள். அதையும் குடித்தேன். மறுபடியும் உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எனக்கு வயிறு முட்டிவிட்டது. போதும் என்று சொல்ல வாய் வராமல், மொட்டை மரத்தடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.