இரண்டு போன்ச்சோ, ஒரு கூரை

தண்ணீர் பிடிப்பதற்கு முன்பே கூரையைக் கட்டிவிட்டார்கள். போன்ச்சோவை நம்பி மலைப்பாதையில் நடக்கிறவர்கள் செய்யாத தப்பு அது. நடக்கும்போது தலைவழியாக மாட்டிக்கொண்டால் மழைக்கோட்டு. நின்ற இடத்தில் இரண்டு போன்ச்சோக்களின் ஓரத்துப் பட்டன்களைச் சேர்த்துப் பூட்டி, தலை நுழைகிற ஓட்டைகளை நாடாவால் இறுக்கி, மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின் மேல் போட்டால் வீடு. வீடாகிவிட்டால் வெளியே போக உடுப்பு இல்லை. முப்பத்தெட்டு நாளாக வெர்னாவும் தங்கை ரூத்தும் முதலில் தண்ணீர், பிறகு கூரை என்றுதான் செய்துவந்தார்கள். இன்று மதியம் ரூத், நாளைக்கு ரோடு வந்ததும் பஸ் ஏறிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு பேசாமல் கயிறு கட்டினார்கள், பேசாமல் பட்டன் பூட்டினார்கள். உள்ளே உட்கார்ந்தபோதுதான் காலி பாட்டில்கள் கண்ணில் பட்டன. மழை வலுத்திருந்தது.

"உன் பாதியக் கழட்டி மாட்டிக்கிட்டுப் போடி," என்றாள் வெர்னா.

"கழட்டுனா உன் படுக்கை நனையும். அதுக்கும் ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிப்ப."

ரூத் போட்ட சட்டையோடு இறங்கிப் போய்விட்டாள்.

ஓடை பத்து நிமிஷ இறக்கம். நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. சலசலவென்று கேட்ட தண்ணீரில் இப்போது கல் உருள்கிற சத்தமும் சேர்ந்திருந்தது. வெர்னா குந்தினாள், மண்டியிட்டாள், மறுபடி குந்தினாள். புருஷன் பிரிந்துபோய், கென்டக்கி வீட்டை விற்றதிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. இரண்டு வாரம் கூட வா என்று கெஞ்சித்தான் தங்கையை அழைத்து வந்தாள்; அது முடிந்தபோதும் கெஞ்சித்தான் நிறுத்திவைத்தாள். ரூத்துக்குத் திரும்பிப் போக வீடு இருக்கிறது, பேக்கரி வேலை இருக்கிறது. வெர்னாவுக்கு இருப்பதெல்லாம் ஒரு முதுகுப்பையும் தலைக்கு மேல் இந்தப் பச்சைத் துணியும். அதிலும் பாதி ரூத்துடையது. ஒற்றைப் போன்ச்சோவுக்கடியில் ஒருத்தி படுக்கலாம், கால் நனையும். மதியத்திலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இறகு அடைத்த படுக்கைப்பை நனைந்தால் சூடு தராது. மே மாதத்திலும் இந்த உயரத்தில் ராத்திரி பல் கிட்டும். கிழியாத குப்பைக் கவர் ஒன்றுதான் இருந்தது. ரூத்தின் படுக்கையை அதில் திணித்து வாயை முறுக்கிக் கட்டினாள். தன்னுடையதை மரத்தடியில் ஒதுக்கினாள். பிறகு பட்டன்களைப் பிரித்து, தன் போன்ச்சோவை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஓடைக்கரையில் விழுந்து கிடந்த மரத்தின் மேல் ரூத் உட்கார்ந்திருந்தாள். நிரம்பிய பாட்டில்கள் மடியில். உதடு வெளுத்திருந்தது.

"கால் கீல் ஒடஞ்சிடுச்சா?"

"இல்ல."

"பின்ன என்ன?"

"மேல வந்தா நீ கெஞ்சுவ. கெஞ்சினா நான் இருந்துடுவேன். போன தடவையும் அப்படித்தான்."

வெர்னா அக்குளில் சுருட்டி வைத்திருந்த ரூத்தின் போன்ச்சோவை அவள் தலைமேல் போட்டு இழுத்தாள். தலை வெளியே வரவில்லை. துணிக்குள் முட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, நாடாவ அவுக்கவே இல்ல நீ," என்றது உள்ளேயிருந்து குரல்.

மேலே ஏறி வந்தபோது வெர்னாவின் படுக்கைப்பை கறுத்து, சுருங்கிக் கிடந்தது. ரூத் அதைப் பார்த்தாள். வாய் கட்டிய குப்பைக் கவரைப் பார்த்தாள். கூரை மறுபடி எழ வேண்டுமென்றால் இருவரும் போன்ச்சோவைக் கழற்ற வேண்டும். இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாரு மொதல்ல கழட்டுறது?" என்றாள் ரூத்.

வெர்னா கழுத்து நாடாவில் கை வைத்தாள். மரங்களுக்கு நடுவே வெறும் கயிறு தொய்ந்திருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் துளிகள் அதன் வழியே ஓடி வந்து, நடுவில் முட்டி, விழுந்துகொண்டிருந்தன.