ஒட்டியும் நிற்காத டேக்

அலுவலகத்தின் எல்லா சர்வர்களிலும் கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு முடிக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து போட்டால் ஆயுசு போதாது என்று ஒரு பாலிசி, அதாவது தானாக இயங்கும் விதி, எழுதினாள். 'கண்காணி' என்ற டேக் எந்த சர்வரில் இருக்கிறதோ, அதில் மென்பொருள் தானாக ஏறிக்கொள்ளும். டேக்கை எடுத்துவிட்டால் தானாக இறங்கிவிடும். டேக் என்பது பெட்டியில் ஒட்டும் சீட்டு மாதிரிதான்.

மற்ற குழுக்களின் சர்வர்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. பில்லிங் குழுவின் சர்வர்கள் மட்டும் அடம்பிடித்தன. மாலையில் டேக் போட்டு, மென்பொருள் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். மறுநாள் வேலையைத் தொடங்கும்போது இரண்டுமே இருக்காது. துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

பில்லிங் குழுவின் தலைவி வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணி. ஒரே வீட்டில் அண்ணனும் அண்ணியும் மாடியில், அவள் கீழே.

"அண்ணி, நான் போடற டேக்கை உங்க ஆளுங்க யாராவது எடுத்துடறாங்களா?" என்று போனில் கேட்டாள்.

"எங்களுக்கு வேற வேலை இல்லையா? உன் பாலிசியிலதான் ஏதோ கோளாறு. போய் அதைப் பாரு."

பார்த்தாள். பாலிசியைப் பிரித்து மேய்ந்தாள், அடியிலிருந்து மறுபடி எழுதினாள். எழுத்துப்பிழை இல்லை, அனுமதியில் குறை இல்லை. மறுநாளும் அதே கதைதான். போகிற போக்கில் மேனேஜர், "என்னம்மா, ஆச்சா?" என்று கேட்கும்போதெல்லாம், "நாளைக்கு முடிஞ்சிடும் சார்" என்றாள்.

வீட்டிலும் பேச்சு நின்றுபோனது. சாப்பிடும்போது உப்புக் கிண்ணம்கூட அண்ணன் வழியாகத்தான் கை மாறியது. "டேக்னா என்ன, சட்டைக் காலர்ல குத்துமே, அதுவா?" என்று நிலைமையைச் சரிசெய்யப் பார்த்த அண்ணனை இரண்டு பேரும் ஒருசேர முறைத்தார்கள்.

பொறுத்தது போதும் என்று மறுநாள் காலை வழக்கத்தைவிடச் சீக்கிரமே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே பில்லிங் பிரிவுக்குப் போனாள். அண்ணியின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இன்னிக்கு நான் இங்கதான் உட்காரப் போறேன்."

"உட்காரேன். யாரு வேண்டாம்னா?"

அவள் லேப்டாப் திரையில் டேக்குகள் எல்லாம் அப்படியே இருந்தன. அண்ணி ஒரு கையில் டீயோடு வழக்கமான முதல் வேலையைத் தொடங்கினாள். சர்வர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த டெம்ப்ளேட் ஒன்று அவர்களிடம் இருந்தது. தினமும் காலையில் அதை ஓடவிடுவார்கள். அண்ணி பட்டனை அமுக்கினாள். இவள் திரையில் டேக்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

"அண்ணி! இப்ப என்ன அமுக்கினீங்க?"

"தினமும் அமுக்கறதுதான்."

"டெம்ப்ளேட்ல இல்லாததை எல்லாம் அது அழிச்சுடுமா?"

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. "அழிச்சுடும். அதுக்குத்தானே அது இருக்கு?"

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"யாராவது எடுத்தாங்களான்னுதானே கேட்ட? யாரும் எடுக்கலையே!"

அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அண்ணி டெம்ப்ளேட்டைத் திறந்து அந்த டேக்கை ஒரு வரியாகச் சேர்த்தாள். மறுபடி ஓடவிட்டாள். டேக்குகள் நின்றன. கொஞ்ச நேரத்தில் மென்பொருளும் எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்தது.

தகவல் சொல்லப் போனபோது மேனேஜர் சிரித்தார். "ஒரு வரிக்கா இவ்வளவு நாளு?"

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் அண்ணி நின்றிருந்தாள்.

"நான் கொஞ்சம் யோசிச்சிருக்கணும்டி," என்றாள் மெதுவாக. "சாயங்காலம் சேர்ந்தே போலாமா?"

அண்ணி மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கோபம் இறங்கவில்லை. அதை யார் மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை.

"இன்னிக்கு நீங்க போங்க அண்ணி. நான் நடந்தே வந்துக்கறேன்."