பக்கத்துத் துண்டில் பூத்த ஃபிளீடர்

சுவிஸின் சோலோதுர்ன் நகரில், ரயில்பாதை ஓரத்து வாடகைத் தோட்டத்தில் வேணுகாவுக்கு ஒரு துண்டு நிலம். அவளுடைய சித்தி மகள் யாதவிக்குப் பக்கத்துத் துண்டு. இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில் ஃபிளீடர் என்கிற லைலாக் பூச்செடிக் கன்று வாங்கி நட்டார்கள். நான்கு வருடமாகியும் வேணுகாவின் செடி இலையைத் தவிர வேறெதையும் காட்டவில்லை. யாதவியுடையதோ மே பிறந்தால் வேலி தாண்டி ஊதாக் கொத்துகளாய்ச் சரியும்.

பூக்காததைக்கூட வேணுகா பொறுத்திருப்பாள். அம்மா இராஜேஸ்வரி யாதவியிடம் கொத்து வாங்கிவந்து சாமிப்படத்துக்கு வைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. "அவளுக்குக் கைராசி," என்பாள் அம்மா. குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகம் போனவள் வேணுகா. அந்தச் சான்றிதழ் அலமாரிக்குள் கிடந்தது. பேக்கரியில் வேலைசெய்யும் யாதவியின் பூ சாமிக்கு முன்னால் இருந்தது. ஒரேயொரு முறை தன் பூ அங்கே இருந்துவிட வேண்டும்.

அதற்காக அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. மாட்டெரு போட்டாள். குளிர் தொடங்கியதும் கொப்புகளை ஒட்ட நறுக்கினாள்.

"வெட்டினாத்தான், பிள்ளை, மல்லிகை பூக்கும். ஆனா வெய்யிலுக்கை வெட்டினியோ, பட்டுப்போம்," என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். மல்லிகைக்கு உள்ளது ஃபிளீடருக்கும்தானே. யாதவியிடம் கேட்டிருக்கலாம். அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

போன ஜூனில் யாதவி கனடாவுக்குக் கலியாண வீட்டுக்குப் போனாள். "அக்கா, என்ர துண்டுக்கும் கொஞ்சம் தண்ணி விடுங்கோ."

வேணுகா தண்ணீர் விட்டாள். இரண்டாம் நாள், நல்ல வெயிலில், கத்தரிக்கோலும் எடுத்தாள். யாதவியின் செடியில் வாடிய கொத்துகளை ஒன்றுவிடாமல் காம்போடு வெட்டினாள். அடியில் முளைத்த குருத்துகளையும் பிடுங்கி எறிந்தாள். "இனிப் பூத்துப் பார்," என்று வாய்விட்டே சொன்னாள்.

இந்த மே மாதம் யாதவியின் செடியில் பூவுக்குள் இலையைத் தேடவேண்டியிருந்தது. அம்மாவும் தோட்டத்துக்கு வந்திருந்தாள். யாதவி கை நிறையக் கொத்துகளோடு வேலியருகே வந்தாள்.

"பெரியம்மா, இது அக்கான்ர வேலை! பூ முடிஞ்ச கையோட வெட்டோணும். கோடையிலைதான் அது அடுத்த வருசத்துக்கு மொட்டுக் கட்டுறது. நான் பஞ்சி பிடிச்ச சோம்பேறி, ஒருநாளும் வெட்டினதில்லை. அதுசரி அக்கா, உங்கடையை மட்டும் ஏன் நவம்பரிலை நறுக்குறியள்? கட்டின மொட்டெல்லாம் குப்பைக்கெல்லோ போகுது!"

அம்மா வேணுகாவின் தலையைத் தடவினாள். "படிச்ச பிள்ளையெண்டா சும்மாவோ? என்ர பிள்ளையின்ர கை!"

நான்கு வருடம் காத்திருந்த சொல். பேசாமல் நின்றிருந்தால் போதும். ஆனால் அதுவும் யாதவியின் தயவில் வந்ததை நினைக்க வேணுகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஒண்டும் தெரிஞ்சு வெட்டேல்லை. பட்டுப்போகட்டும் எண்டுதான் வெட்டினனான்."

அம்மாவின் கை இறங்கியது. யாதவி ஒருகணம் விழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப இந்த ஜூனிலும் மறக்காமல் வாங்கோ அக்கா!"

"எரிச்சல் பிடிச்சது," என்று மகளைத் திட்டியபடியே அம்மா கொத்துகளை வாங்கிப் பையில் வைத்தாள்.

"என்ர செடிக்கு இப்ப என்ன செய்யிறது?" என்று வேணுகா முதல்முறையாகக் கேட்டாள், செருப்பைப் பார்த்துக்கொண்டு.

"ஒண்டும் செய்யாதேங்கோ."

இவ்வளவு காலமும் யாதவி செய்துவந்தது அதைத்தான் என்பது வேணுகாவுக்கு எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சலாக இருந்தது.