என் அளவுக்குக் கட்டிய விமானம்

எங்கள் தெருவில் ஆண்டுக்கு ஒரு வீடு, கதவு எண் வரிசைப்படி, விமானம் கட்ட வேண்டும். முழு விமானம் இல்லை, உடல் மட்டும். இறக்கையும் எஞ்சினும் அலுவலகத்திலிருந்து வரும். நாற்பத்தைந்து நாளில் வீட்டுக்குள்ளேயே கட்டி முடிக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களில் அந்த உடலுக்குள் யார் சரியாகப் பொருந்துகிறாரோ அவர் அதில் ஏறிப் போவார். போனவர் திரும்புவதில்லை. யாருக்கும் பொருந்தாவிட்டால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். லாரியைவிட விமானம் கௌரவம் என்பதில் தெருவில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்த ஆண்டு பதினேழாம் எண், எங்கள் வீடு. வீட்டில் நானும் என் மனைவி தவமணியும் மட்டும்தான். நோட்டீஸைப் படித்துவிட்டு, "நான் போறேன்" என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சரி" என்றாள். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் நான் சொன்ன ஒன்றுக்கு அவள் மறுபேச்சு பேசாதது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

நான் பீரோ செய்கிறவன். தகட்டை வளைப்பதும் ரிவெட் அடிப்பதும் எனக்குப் புதிதல்ல. பதினான்காம் எண் வீட்டுக்காரர்கள் ஒட்டுப்பலகையில் ஏதோ கட்டி, மேலே பெயின்ட் பூசி அனுப்பினார்கள். பார்க்கவே கூசியது. நாம் கட்டினால் ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்தில் அலுமினியத் தகட்டை விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்தேன். தவமணி சாக்பீஸால் என்னைச் சுற்றிக் கோடு போட்டாள். பிறகு ஒரு சணல் நூலால் தோள், மார்பு, இடுப்பு எல்லாம் அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு முடிச்சுப் போட்டாள். அப்போது நான் ஐம்பத்திரண்டு கிலோ. அவள் எழுபத்தொன்று. நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தால் பத்தாம் நம்பர் போகிறது என்று தெருவில் கேலி செய்வார்கள். ஒன்று நான், பூஜ்யம் அவள்.

"மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க. இயல்பா இருங்க" என்றாள்.

"இயல்பாத்தான் இருக்கேன்."

"உங்க இயல்பே இவ்வளவுதானா" என்று முடிச்சை இறுக்கினாள்.

பத்தாம் நாள் எலும்புக்கூடு தயார். ஒன்பது வளையங்கள், நான்கு நீளக் கம்பிகள், ஒரு இருக்கை. அளவு அலுவலர் வந்து என்னை ஒருமுறை உட்கார வைத்துப் பார்த்தார். கச்சிதமாக இருந்தேன். அவர் ஒவ்வொரு வளையத்திலும் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். இனிமேல் அளவை மாற்றக் கூடாது. அளவு நாளான நாற்பத்தைந்தாம் நாள் வரை யாரும் உள்ளே உட்காரவும் கூடாது.

மீதி நாட்களில் தகடு போர்த்தினேன். கை பழக்கத்தில் இருக்கைக்குப் பின்னால் ஒரு லாக்கர் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் விமானம் என்பது நினைவுக்கு வந்தது. முன்பக்கம் ஆளுயரக் கண்ணாடியும் பொருத்தப் போனேன். தவமணி பார்த்துவிட்டு, சின்னக் கண்ணாடி போதும் என்றாள். லாக்கரைத் திறந்து மூடிப் பார்த்து, "நல்லா ஆழமா இருக்கு" என்று பாராட்டினாள்.

போகிறவருக்குத் தெருவார் சோறு போடுவது வழக்கம். போகிறவர் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, அதுவும் வழக்கம். பதினாறாம் எண் சிக்கந்தர் பாயின் தம்பி போன ஆண்டு போனவர். பாய் வெள்ளிக்கிழமைதோறும் பிரியாணி கொண்டுவந்தார். "நல்லா சாப்பிடுங்க நாயகம். அங்க என்ன கெடைக்குதோ என்னவோ" என்பார். என் பெயர் அருமைநாயகம். மற்ற நாட்களில் மற்ற வீடுகள். எல்லாவற்றுக்கும் மேலே தவமணியின் சமையல். காலையில் நெய் விட்ட பொங்கல், மதியம் மூன்று குழம்பு, சாயங்காலம் அதிரசம். நான் சுத்தியலைக் கீழே வைத்தால் தட்டு வந்துவிடும்.

"இன்னும் ஒரு கரண்டி" என்பாள்.

"போதும்டி."

"போறவங்க அப்படிச் சொல்லக் கூடாது."

நியாயமான பேச்சு. சாப்பிட்டேன்.

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டால், "எனக்கென்ன அவசரம், அப்புறம் சாப்பிடுறேன்" என்பாள். இருபதாம் நாள் வாக்கில் என் கால்சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று கைலிக்கு மாறினேன். தவமணி வாரம் ஒருமுறை ரவிக்கைகளைப் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்தாள். வளையல்கள் கையில் நிற்காமல் கழன்றன. அவற்றை ஆணியில் மாட்டிவைத்தாள். பிரியப் போகிற கவலையில் இளைக்கிறாள் என்று எண்ணினேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. நாம் போவதற்காக இளைக்கவும் ஒருத்தி இருக்கிறாளே என்று. இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாற்பத்தைந்தாம் நாள் காலை அலுவலர் இரண்டு உதவியாளர்களோடு வந்தார். கேசரி சாப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஓர் அஞ்சல் அட்டையை எடுத்தார். ஆளை உட்கார வைத்து, உடம்புக்கும் தகட்டுக்கும் நடுவே அட்டையை விட்டுப் பார்ப்பார்கள். எங்கும் நுழையாவிட்டால் பொருத்தம்.

தெருவார் வாசலில் கூடி நின்றார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். கால் போயிற்று. தொடை போயிற்று. இடுப்பு போகவில்லை. இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்து உடம்பைக் கீழே அழுத்தினேன். மூன்றாம் வளையத்தில் சிக்கிக்கொண்டேன். உதவியாளர்கள் அக்குளில் கை கொடுத்து என்னை வெளியே இழுத்தார்கள்.

"அடுத்தவங்க" என்றார் அலுவலர்.

தவமணி புடவையை இழுத்துச் செருகினாள். செருகும்போது இடுப்பிலிருந்து ஒரு நூல் நழுவிக் கீழே விழுந்தது. முடிச்சு முடிச்சாக இருந்தது. அதை எடுத்து மறுபடி செருகிக்கொண்டு ஏறினாள். நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தாள். அலுவலர் தோளில் அட்டையை வைத்தார், நுழையவில்லை. மார்பருகே வைத்தார், இடுப்பருகே வைத்தார், நுழையவில்லை. அட்டையின் பின்பக்கம் "பொருந்தியது" என்று எழுதி என்னிடம் கொடுத்தார்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. "ஏமாத்திட்டடி" என்று கத்தினேன். தெருவே கேட்டது.

"சாப்பிட்டது யாரு?" என்றாள்.

அலுவலரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு மாசம் குடுங்க சார். பச்சத் தண்ணி குடிக்காம எடையக் கொறச்சிடறேன்."

"அளவு நாள் முடிஞ்சுதுங்க. நாளைக்கு எறக்கையும் எஞ்சினும் வருது" என்றார். நல்ல மனிதர்தான். இன்னும் கொஞ்சம் கேசரி வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் இறக்கையும் எஞ்சினும் வந்தன. உடல் வாசல் வழியாகப் போகாது. தெருவில் எந்த வீட்டு உடலும் போனதில்லை. அலுவலக ஆட்களே கூடத்தின் கூரைத் தகடுகளைப் பிரித்துச் சுவரோரம் அடுக்கினார்கள். தவமணி லாக்கரில் ஸ்டவ், அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், கரண்டி, நான்கு அடுக்கு கேரியர் எல்லாவற்றையும் அடுக்கினாள். கொடிக் கயிற்றையும் அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைத்தாள். அங்கே துணி காயப்போட வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஏறி உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியில் பொட்டைச் சரி செய்தாள். நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் அடித்த ரிவெட்டுகள் வரிசை பிசகாமல் இருந்தன. ஒன்றாவது கோணலாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"ரசம் அடுப்புல இருக்கு. சூடு பண்ணிக்கோங்க" என்றாள்.

விமானம் கூடத்திலிருந்து நேராக மேலே போயிற்று. சத்தம் நிற்கும் வரை தெருவார் நின்றார்கள். பிறகு சிக்கந்தர் பாய் என் தோளைத் தட்டிவிட்டுக் கடைசியாகப் போனார்.

ரசத்தை நான் சூடு பண்ணவில்லை. மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். என் பழைய அளவு பதிவேட்டில் இருக்கிறது என்றார்கள். ஐம்பத்திரண்டு கிலோவுக்கு இறங்கிவிட்டால் இன்னோர் உடல் கட்டிக்கொண்டு பின்னாலேயே போகலாம், இறக்கை தருவோம் என்றார்கள். அன்றைக்கே சாப்பாட்டை நிறுத்தினேன். தெருவார் கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்பினேன். நான் இப்போது போகிறவன் இல்லை, ஆகவே வேண்டாம் என்று சொல்லலாம்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு மணிக்குக் கூரையில்லாத கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து எங்கள் கேரியர் இறங்கிவந்தது. எங்கள் கொடிக் கயிற்றில்தான் கட்டியிருந்தது. வானம் நிர்மலமாக இருந்தது. கயிறு போகிற வரைக்கும் பார்த்தேன், அதற்கு மேல் கண் எட்டவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கேரியர் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி என் முழங்காலில் இடித்தது. நகர்ந்து உட்கார்ந்தேன். அங்கேயும் வந்து இடித்தது.

திறந்தேன். சோறு சூடாக இருந்தது. வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு, அப்பளம். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

அடிக் கிண்ணத்தில் அந்தச் சணல் நூல் இருந்தது. பழைய முடிச்சுகளுக்கு வெகு தூரம் தள்ளிப் புதிதாக ஒரு முடிச்சு. எழுந்து நின்று இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். முடிச்சுக்கு நான் இரண்டு விரற்கடை குறைவாக இருந்தேன்.

கயிற்றை இழுத்து, இன்னும் ஒரு கரண்டி கேட்டேன்.