இலைக்காரியின் இசைத்தட்டு

அந்த இசைத்தட்டைக் கேட்பவர்களுக்குக் காதோரம் இலை துளிர்க்கும். முதல் பாட்டுக்கு ஒன்று, மறுபக்கம் முடிவதற்குள் ஒரு கொத்து. கிள்ளி எறிந்தால் வலிக்காது, கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண், கல்யாணத்துக்கு முன்பு இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து பாடியது. தாலாட்டும் வயல்பாட்டும்தான், ஆனால் நடுவில் எலக்ட்ரிக் கிடார் அலறியது, டேப்பைப் பின்பக்கமாக ஓடவிட்டிருந்தார்கள், கேட்டவர்களுக்குக் காலடியில் தரை லேசாக நழுவியது. வாங்கியவர்கள் இலையும் தலையுமாக வந்து கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. அதன்பிறகு அவள் பாடவில்லை. அவளுடைய ஒரே மகனைப் பள்ளியில் இலைக்காரி மகன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் காப்பீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளன் ஆன பிறகும், வீட்டில் மிஞ்சிய ஒரே தட்டு பூந்தொட்டிக்கு அடியில்தான் கிடந்தது.

அந்தத் தட்டு வெளிவந்து நாற்பது வருடம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பழைய இசைத்தட்டுகள் சேகரிக்கும் ஒருவர் கதவைத் தட்டினார். பழைய சாமான் கடையில் அவருக்கு இன்னொரு பிரதி அகப்பட்டிருந்தது. இரண்டு காதிலும் இலையோடு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் பஸ்ஸில் வந்திருந்தார். "பாடினவங்களை ஒரு தடவை பார்த்தா போதும்" என்றார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மகனுக்கு உடம்பு கூசியது. "அவங்க செத்து ரொம்ப நாளாச்சு" என்று கதவைச் சாத்தினான். உள்ளறையில் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த அம்மாவின் தையல் மெஷின் சற்று நின்று, மறுபடி ஓடியது.

சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல அவளுடைய ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து நீட்டினான். "செத்தவளுக்கு எதுக்குப்பா மாத்திரை?" என்றாள், கோபமே இல்லாமல். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவனுக்கு நின்ற இடத்திலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. செருப்புகூடப் போடாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். ஞாயிற்றுக்கிழமை பஸ், நல்லவேளை, இன்னும் வரவில்லை. "சார், பொய் சொல்லிட்டேன். அம்மா உள்ளேதான் இருக்காங்க" என்றான். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பையிலிருந்த சின்ன பிளேயரை நெஞ்சோடு அணைத்தபடி கூடவே நடந்தார்.

தட்டு சுழன்றபோது அம்மா முதலில் உதட்டை மட்டும் அசைத்தாள், பிறகு உடைந்த குரலில் கூடவே பாடினாள். மகன் அதை முழுதாகக் கேட்டது அன்றுதான். இத்தனை அழகை எந்த வாயால் செத்துப்போனதாகச் சொன்னோம் என்று நினைக்க நினைக்க அவமானம் பிடுங்கித் தின்றது. காதோரம் அரித்தது. கிள்ளப் போன கையை மடியில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மேலாளர், "காதுல என்னய்யா அது?" என்றார். "எங்கம்மா பாட்டு சார்" என்றான். மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, மின்விசிறிக்கு நேராக உட்கார வேண்டாம், உதிர்ந்துவிடும் என்றார்.