பனி தெரியும் வெர்ஷன்

மெஹராஜ் பஞ்சை ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் கணவரின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது, கீழே இரும்பு ஏணியில் யாரோ ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறிவரும் சத்தம் கேட்டது. முட்டி வலிக்காரரின் ஏற்றம். பிரம்மநாயகம் அண்ணாச்சியாகத்தான் இருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

முதலில் நரைத்த தலை தெரிந்தது. பிறகு, பாலிதீன் பை பிடித்த ஒரு கை.

“முழிச்சிருக்கானா தங்கச்சி?”

“கூப்பிட்டா கேக்காவ அண்ணாச்சி. பேச்சுதான் காலையிலேர்ந்து கொறைஞ்சிட்டே வருது.”

அவர் கட்டிலருகே மோடாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். செம்பூரிலிருந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. குனிந்து சொன்னார்: “வாஹிது, நாயகம் வந்திருக்கேன்டே. நீ கேட்ட சிடி கெடச்சிட்டு.”

அப்துல் வாஹிதின் கண்கள் திறந்தன. மூன்று வருஷமாக எதையும் பார்க்காத கண்கள்தான். ஆனாலும் குரல் வந்த பக்கம் சரியாகத் திரும்பின. உதட்டோரம் லேசாக விரிந்தது.

“எந்த சிடி?” என்றாள் மெஹராஜ்.

“போன வெள்ளிக்கிழமை போன் போட்டான். அந்தப் படம் காட்டுத கார்டு கடைக்கு வந்தப்போ டப்பாவோட ஒரு சிடி இருந்துச்சுல்லா, அது உங்கிட்டதான் இருக்கும், தேடுன்னான். எங்க வீட்டுல இல்ல. அம்பர்நாத்துல தம்பி வீட்டுப் பரண்ல கெடந்துச்சு.”

வெள்ளிக்கிழமை. மெஹராஜ் கையிலிருந்த பஞ்சைக் கிண்ணத்தில் வைத்தாள். அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை அவள் சொன்னது நினைவுக்கு வந்து, காது மடல் சுட்டது.

வாஹிதும் பிரம்மநாயகமும் இருபத்திரண்டு வருஷம் ஒரே கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவர்கள். சர்க்கரை வாஹிதின் சிறுநீரகத்தைப் பிடித்தது. அடுத்து கண்ணைப் பிடித்தது. பார்வை முழுதாகப் போனபின் மூன்று மாதம் அவர் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். ஒருநாள் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, “என்னைப் பதிமூணாம் காம்பவுண்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்றார். தாராவியில் உடைசல் பிரிக்கிற இடம் அது. பழைய கம்ப்யூட்டர்களின் உள்பாகங்கள் அங்கே கோணிகளில் குவிந்து கிடக்கும். மீன் வாங்குகிறவர்கள் செவுளை விரித்துப் பார்ப்பதுபோல அவர் ஒவ்வொரு பலகையாக எடுத்து விளிம்பைத் தடவினார். சில்லின் கால்களை நகத்தால் எண்ணினார். “இது இல்ல. இதுவும் இல்ல. இது... இது நம்ம ஆளு.” இப்படியே போய்ப்போய் ஏழெட்டு மாதத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் ஒன்றை, கனமான டப்பாத் திரையோடு, கட்டிலின் கால்மாட்டில் நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டார் பைத்தியம் என்றார்கள். மனுஷன் சுவரைவிட்டுத் திரும்பினாரே என்று மெஹராஜ் இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதாள்.

எதற்காக இதெல்லாம் என்று அவள் கேட்டது, எல்லாம் கூடிவந்த பிறகுதான்.

“அந்தக் கார் கேமுக்கு” என்றார்.

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கல்யாணமாகி வந்த வருஷம். கடையநல்லூரிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ஹிந்தியில் ஒரு சொல் தெரியாது. அவர் கடைக்குப் போனால், இரவு வரும்வரை இந்த மாடி அறையை விட்டு இறங்கமாட்டாள். அந்த மழைக்காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தவர், ஒரு கார் விளையாட்டைத் திறந்து அவளிடம் விட்டுவிட்டுப் போனார். ஒன்பது நாள். ஏதோ ஒரு வெள்ளைக்காரத் தேசத்து மலைப்பாதை, பனி. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாது. வளைவோ பாலமோ பக்கத்தில் போனால்தான் தெரியவரும். முதல் நாள் முழுக்க மோதினாள். நாலாம் நாள் மோதாமல் கடைசிவரை போனாள். அந்த வாரக் கடைசியில்தான், யாரிடமும் சொல்லாமல், ஏணியிறங்கி, தொண்ணூறடி ரோடுவரை தனியாக நடந்துபோய் கொத்துமல்லிக்கட்டு வாங்கிவந்தாள். கம்ப்யூட்டர் திரும்பிப் போனபோது, “இனிமே அந்தப் பனி ரோட்டுக்குப் போக முடியாதா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு அதீபா பிறந்தாள், அவளே மறந்துபோனாள்.

விளையாட்டு கிடைத்துவிட்டது. கார் ஓடியது. ஆனால் பனி வரவில்லை. அங்கேதான் சிக்கல். படம் காட்டும் கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுக்க ஒரு மென்பொருள் வேண்டும், டிரைவர் என்பார்கள். அந்த ஒரு கார்டுக்கே பத்துப் பதினைந்து வெர்ஷன்கள் இருந்தன. “புதுசா வந்ததெல்லாம் புது கேமுக்காகப் பண்ணது. பழசு செஞ்ச சில வேலைய அது செய்யாம விட்டுரும். பனி போடுதது அதுல ஒண்ணு” என்றார். அதீபா தன் லேப்டாப்பில் தேடி, கிடைத்த வெர்ஷன்களையெல்லாம் ஒரு சிடியில் போட்டுக்கொடுத்தாள்.

அதன் பிறகு டயாலிசிஸ் இல்லாத நாட்களெல்லாம் இந்த வேலைதான். ஒன்றை நீக்க வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். அடுத்ததை ஏற்ற வேண்டும். மறுபடி அணைத்துப் போட வேண்டும். அவள் கை, அவர் வாய்.

“என்ன தெரியுது?”

“ஆகாசம் ரோஸ் கலர்ல இருக்கு.”

“வேண்டாம். அதுக்கு முந்துனதைப் போடு.”

“மரமெல்லாம் கோடு கோடா நடுங்குது.”

“இன்னும் முந்துனது.”

ஒன்றில் எல்லாம் கச்சிதமாக வந்தது. “படம் கண்ணாடி மாதிரி இருக்குங்க. மலை, பாலம் எல்லாம் சுத்தமாத் தெரியுது.”

“பாலம் இங்கேர்ந்தே தெரியுதா?”

“தெரியுது.”

“தெரியக் கூடாது மெகராஜு. பக்கத்துல போனப்புறந்தான் திடீர்னு வரணும்.”

எந்த வெர்ஷனில் என்ன கோளாறு என்று அதீபாவின் பழைய பள்ளிக்கூட நோட்டில் தமிழில் எழுதிவைத்தாள். பதினோரு வெர்ஷன். பதினொன்றிலும் பனி இல்லை.

போன வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்தவர் இரண்டு முறை வாந்தி எடுத்தார். அப்படியும் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அடம்பிடித்தார். விடியற்காலையிலிருந்து வார்டு வாசலில் நின்ற கால்கள் அவளுக்கு. கம்ப்யூட்டரைப் போட்டாள். எதையும் மாற்றாமல் சும்மா இரண்டு தட்டுத் தட்டினாள். “வந்துட்டுங்க” என்றாள். “பனி வந்துட்டு.”

“வந்துட்டா? எங்கே, ஓட்டு.”

ஒரு சுற்று ஓட்டினாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி, படுக்க வைக்க விட்டார். அவரிடம் சொன்ன சின்னச்சின்னப் பொய்களில் அதுதான் அவளை உறங்கவிடாத பொய்.

திங்கட்கிழமை டாக்டர், உடம்பு இனி டயாலிசிஸைத் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார். இன்றைக்குப் புதன்.

பிரம்மநாயகம் பையிலிருந்து சிடியை எடுத்தார். அட்டை பழுப்பேறியிருந்தது. “ஆதியில வந்த வெர்ஷன் இதுதான் தங்கச்சி. நெட்ல கெடைக்குறது எல்லாம் இதுக்குப் பொறவு வந்தது.”

தலைமாட்டில் யாசீன் கிதாபோடு உட்கார்ந்திருந்த அதீபா நிமிர்ந்தாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். வாப்பாவின் விரல் நகங்கள் நீலம் பூத்திருப்பதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

“உம்மா, அபி இதா? இந்த நேரத்துல கேமா? சஹி இல்லம்மா இது. நான் ஓதணும்” என்றாள் பாதி ஹிந்தியில்.

“பிள்ள சொல்லுததும் சரிதான்” என்று பிரம்மநாயகம் எழப்பார்த்தார். “நான் இதை வச்சிட்டுப் போறேன்.”

மெஹராஜ் கணவரின் காதருகே குனிந்தாள். “ஏங்க. போடட்டுமா?”

போர்வைமேல் இரண்டு விரல்கள் மட்டும் எழுந்து தாழ்ந்தன.

“நீ ஓது மவளே” என்றாள் மகளிடம். “நான் சவுண்டே இல்லாம இதைப் பார்க்கேன். இதும் உங்க வாப்பா கேட்டதுதான்.”

அதீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓதத் தொடங்கினாள்.

மெஹராஜ் ஸ்பீக்கரின் குமிழைக் கடைசிவரை திருகி அடைத்தாள். பழையதை நீக்கினாள். திரை கறுத்து, விழித்து, பெரிய பெரிய எழுத்துகளோடு வந்தது. சிடியை உள்ளே தள்ளினாள். “நீங்க போடுங்க அண்ணாச்சி” என்றதற்கு அவர், “நீயே போடு தங்கச்சி” என்று சொல்லிவிட்டார். மகளின் ஓதல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கீழே யாரோ தையல் மிஷினை நிறுத்திவிட்டார்கள், ஓதல் கேட்டிருக்கும். நீலப்பட்டை ஒவ்வொரு கட்டமாக நிறைந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். விளையாட்டைத் திறந்தாள்.

ரோடு இருந்தது. ரோட்டுக்கு அப்பால் எதுவுமே இல்லை. வெள்ளை.

பிரம்மநாயகம் எட்டிப்பார்த்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

அதீபா யாசீனை முடித்து, வாப்பாவின் நெற்றியில் ஊதினாள். கிதாபை மூடி ரேக்கில் வைத்துவிட்டு வந்து, தாயின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். அவளே கையை நீட்டி ஸ்பீக்கர் குமிழைத் திறந்தாள்.

“ஓட்டுங்கம்மா. வாப்பாவுக்குக் கேக்கட்டும்.”

எஞ்சின் உறுமல் அறையில் நிறைந்தது. மெஹராஜ் கிளம்பினாள். முதல் வளைவு எங்கே என்று விரல்களுக்குத் தெரியவில்லை. மெதுவாகப் போனாள். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு மரம் வந்தது, போனது. வேலி வந்தது. பிரேக்கை அழுத்தினாள். டயர் கீச்சிட்டு, எஞ்சின் தணிந்து, மறுபடி மெல்ல எழுந்தது.

“இப்போ” என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். காற்றைவிடக் கொஞ்சம்தான் கனம் அதற்கு. “இப்போ இருக்கு பனி.”

“இருக்குங்க” என்றாள் திரையிலிருந்து கண் எடுக்காமல். “நெறைய இருக்கு.”

“வியாழக்கிழமை... நீ பிரேக்கே புடிக்கல.”

அவள் கை நின்றது. கார் ரோட்டோரத்தில் ஒதுங்கியது. எழுந்துபோய்க் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“தெரிஞ்சே ஏங்க சும்மா இருந்தீங்க?”

“நீ நின்னு நின்னு... களைச்சிருந்த.” நீளமாக ஒரு மூச்சு. “பாலம் வந்துச்சா?”

“இன்னும் இல்ல. வரும்.”

“நல்லா ஓட்டுத” என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூச்சு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அதீபா வாயருகே குனிந்து கலிமா சொல்லிக்கொடுத்தாள். அவர் உதடு இரண்டு முறை கூடவே அசைந்தது. மூன்றாவது முறை அசையவில்லை. மதிய லுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் கலைகிற சத்தம் சந்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அதீபா கண்களை மூடிவிட்டாள். தாடையைத் துணியால் கட்டினாள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போதுதான் அவளுக்கு உடைந்தது. மெஹராஜ் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

பிறகு வீடு அவர்களுடையதாக இல்லை. பெண்கள் ஏறிவந்தார்கள். ஆண்கள் சந்தில் நாற்காலி போட்டார்கள். ஏணி செங்குத்து, இப்படியொரு ஏணியில் மய்யித்தை எப்படி இறக்குவது என்று கீழே வெகுநேரம் பேச்சு நடந்தது. கடைசியில் இரண்டு போர்வைகளை மடித்து ஏணை மாதிரிக் கட்டி, மேலே மூன்று பேர், கீழே நான்கு பேராக நின்று இறக்கினார்கள். தலைப்பக்கம் பிரம்மநாயகம் பிடித்திருந்தார். முட்டி வலிக்காரர் நீங்கள் விடுங்கள் என்று எத்தனை பேர் சொல்லியும் விடவில்லை. ஒவ்வொரு படிக்கும் “மெள்ளடே, மெள்ள” என்றார். கீழே நிற்கிறவர்களுக்குச் சொன்னாரா, வாஹிதுக்குச் சொன்னாரா என்று மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த மெஹராஜுக்குத் தெரியவில்லை. அந்த மனுஷரின் கைகளுக்குப் பலம் தரச்சொல்லி அல்லாஹ்விடம் மனதுக்குள் துஆ கேட்டாள்.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் முடிந்தது. பொழுது சாய்ந்து, மஃரிபுக்கு முன்னால் பிரம்மநாயகம் திரும்பிவந்து ஏணியடியிலேயே நின்றுகொண்டார். மெஹராஜ், கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் உட்கார்ந்தாயிற்று. நாலு மாதம் பத்து நாளைக்கு அவர் மேலே வரமுடியாது. அடக்கத்துக்குக் கட்டிய கைக்குட்டை அவர் தலையில் அப்படியே இருந்தது.

“தங்கச்சி, கேக்குதா?”

“கேக்குது அண்ணாச்சி.”

“மூணு பிடி மண்ணு நானும் போட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.”

“இன்னிக்கு நீங்க வரலேன்னா...” என்று மெஹராஜ் தொடங்கினாள்.

“அவன் கேட்டு நான் எதைத்தான் இல்லேன்னிருக்கேன்” என்றார். பிறகு, போகத் திரும்பியவர், “சிடி உள்ளேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சோறு தட்டில் மூடியிருந்தது. பெண்கள் தொழப் போயிருந்தார்கள். அப்போதுதான் அதீபா கவனித்தாள். கட்டிலின் கால்மாட்டில், யாரோ மேலே போட்டிருந்த துப்பட்டாவுக்கு அடியில், கம்ப்யூட்டர் மத்தியானத்திலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. துணியை எடுத்தாள். கார் அதே ரோட்டோரத்தில் நின்று மெல்ல உறுமியது.

“இதை எப்படிம்மா அணைக்கணும்? சுவிட்சை ஆஃப் பண்ணிரட்டா?”

“சும்மா ஆஃப் பண்ணக் கூடாது. கேமை விட்டு வெளியே வா. கீழே மூலையில அமுக்கு. ஆங், அதான்.”

திரை மங்கி, கறுத்தது. கறுப்பின் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஆங்கில எழுத்துகள் ஒரு வரியாக எழுந்து நின்றன.

“என்ன போட்டிருக்கு?” என்றாள் மெஹராஜ்.

“இனிமே பயமில்லாம அணைக்கலாம்னு போட்டிருக்கும்மா.”

அதீபாவின் விரல் சுவிட்சுக்குப் போனது. மெஹராஜ் சற்று நகர்ந்து, பாயில் அவளுக்கு இடம்விட்டாள். அதீபா கையை எடுத்துக்கொண்டு வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்குப் போடாத அறையில் அந்த ஆரஞ்சு வெளிச்சம் இருவர் முழங்கால்மேலும் விழுந்துகிடந்தது.