மண்வெட்டிப் பொம்மை

செலினுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பொம்மை செய்தது ஒரு காரியத்துக்காக, நடந்தது வேறு.

தீவில் குடியேறியவர்களுக்குச் சிப்பிகாட்டில் சர்க்கார் கொடுத்த நிலத்தில், அவர்கள் பங்கில் பாதி இன்னும் தரிசு. இந்த மழைக்குள் கொத்தி நாற்று நடாவிட்டால் வேறு குடும்பத்துக்கு மாற்றிவிடுவார்களாம். கொத்த வேண்டிய மகராசன் மிக்கேலோ ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பலேறி, லாங் ஐலண்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். கப்பலில் கயிறு இழுத்துக் கட்டும் கலாசி வேலை. வேம்பாற்றுக் கடற்கரையில் பிறந்தவனுக்கு மண் என்றாலே ஆகாது. வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சொல்லிப் பார்த்தாயிற்று, காட்டியாவது பார்ப்போம் என்றுதான் அந்தக் காற்றாடிப் பொம்மையைச் செய்தாள். அவன் கொண்டுவந்து போட்டிருந்த பிளைவுட் துண்டில் ஓர் ஆள். பால் டப்பாத் தகரத்தில் இறக்கை. வளைத்த சைக்கிள் கம்பி. இறக்கை சுற்றினால் ஆள் குனிந்து நிமிர்ந்து மண்வெட்டியால் கொத்துவான். மிக்கேலின் மீசையையும் கரியால் வரைந்து, வாசல் கம்பத்தில் நிலத்தைப் பார்க்க ஆணியடித்து வைத்தாள். வந்ததும் பார்க்கட்டும், கொஞ்சம் உறைக்கட்டும்.

முதலில் பார்த்தவள் பக்கத்து நிலத்துச் சந்திரமதி. சேலத்துப் பக்கம் வயலிலேயே வளர்ந்தவள். இறக்கையை விரலால் சுற்றிவிட்டு, இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

“ஏம்மா செலினு, மம்பட்டி புடிக்கிற கையா இது? உன் ஊட்டுக்காரரு துடுப்பில்ல போடுறாரு!”

செலின் உற்றுப் பார்த்தாள். உண்மைதான். கொத்துகிறவன் தலைக்கு மேல் ஓங்க வேண்டும். இவன் நெஞ்சோடு அணைத்துப் பின்னால் சாய்ந்து இழுத்தான். அவள் அப்பாவும் அண்ணன்மாரும் கடலில் அப்படித்தான் துடுப்பை இழுத்தார்கள். அவள் கைக்குத் தெரிந்த வேலைக்காரன் அவன்தான். தன் மேலேயே அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

இரண்டு நாள் லீவில் மிக்கேல் வந்தான். வெட்கமெல்லாம் படவில்லை. பையைக்கூட இறக்காமல் கம்பத்தடியில் நின்றுவிட்டான்.

“அடி சக்கை! நம்ம ஆளு தண்டு வலிக்கானே! ஆனா ஆணி அடிச்சா எப்படிச் சுத்துவான்? காத்துப் பக்கம் திரும்ப வேண்டாமாட்டி?”

“அது கொத்துற ஆளு. நீங்க கொத்தணும்னு செஞ்சது.”

“கொத்துவோம், கொத்துவோம். மொதல்ல இத ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸா ஆக்கிருதேன்.”

ஆக்கினான். லீவு முழுக்க அதைத்தான் ஆக்கினான். ஆணியைப் பிடுங்கி, பொம்மையைக் கம்பத்து உச்சியில் ஒரு கம்பிமேல் சுழல நிறுத்தி, காற்றுப் பக்கம் திருப்பப் பின்னால் வால் வைத்து, கிரீஸ் தடவினான். மண்வெட்டி சுவரில் சாய்ந்தே கிடந்தது. “அடுத்த சுட்டில கொத்திருதேன் செலின்” என்று அடுத்த லீவுக்குத் தவணை சொல்லிவிட்டு, கப்பலேற ஜெட்டிக்குப் போய்விட்டான்.

இப்போது பொம்மை சின்னக் காற்றுக்கும் சுற்றியது. காற்று கடலிலிருந்து வந்தது. பொம்மையும் கடலைப் பார்த்தே திரும்பிக்கொண்டது. வாசலில் நின்ற செலினுக்கு அதன் முதுகுதான் தெரிந்தது.

அழுகையும் ஆத்திரமுமாகச் சுத்தியலை எடுத்துவந்தாள். பொம்மையை நிலத்தின் பக்கம் திருப்பி, பழைய ஆணியையே அடித்தாள். இறக்கை நின்றது. காற்று பக்கவாட்டில் மோத, ஆள் ஒரு கொத்துக்கூடக் கொத்தாமல் நடுங்கிக்கொண்டு நின்றான். ஒரு கிளி வந்து அவன் தலையில் உட்கார்ந்தது.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளோ, சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணியைப் பிடுங்கி எறிந்தாள்.

“போங்க. போய்த் தொலைங்க.”

பொம்மை கடலைப் பார்த்துத் திரும்பி, உற்சாகமாகத் துடுப்புப் போட்டது. செலின் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள்.